ஞாயிறு காலைச் சண்டையின் விலை

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை மாலை ஏழு மணி என்றால் ஊட்டிக்குக் கீழே இருக்கும் எங்கள் அருவங்காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் இங்கே எட்டரை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்க, ஸ்வெட்டரைக் கழற்றாமல் கையில் டீயோடு யூஎஃப்சி கலப்புச் சண்டை பார்க்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. கார்டைட் தொழிற்சாலைக் குடியிருப்பு ஒரு பக்கம், வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இன்னொரு பக்கம். குத்துச்சண்டைக் கையுறை இங்கே அந்நியமான பொருள் இல்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்தச் சண்டையைப் பாக்க மாசம் எவ்வளவுங்க போகுது?"

நேரான கேள்வி. பதில்தான் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதற்கு நேரான பதில் இருந்தது. ஒரு சண்டைக்கு ஒரு விலை. 1993இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியே அப்படித்தான் வீடுகளுக்கு விற்கப்பட்டது. 2015இல் குத்துச்சண்டையில் மேவெதரும் பாக்கியாவும் மோதியபோது ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 100 டாலர். 46 லட்சம் வீடுகள் வாங்கின. யூஎஃப்சியின் பெரிய போட்டி ஒவ்வொன்றும் கடைசியில் 80 டாலரைத் தொட்டது. பிறகு அந்த முறையும் சாய்ந்தது. 2025 ஆகஸ்டில் பாராமவுண்ட் நிறுவனம் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் தந்து அமெரிக்க உரிமையை வாங்கியது. 2026 முதல் அங்கேயும் தனி விலை கிடையாது, மாதச் சந்தாவுக்குள் எல்லாம் அடங்கும் என்று அறிவித்தது.

நமக்கு யூஎஃப்சி தொடக்கத்திலிருந்தே சந்தாவுக்குள்தான் வந்தது. அதனால் "நமக்கு மலிவு" என்று தோன்றும். மலிவுதான். ஆனால் சண்டைக்கென்று தனி விலை இருந்தால், கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும், யோசிக்கும். சந்தாவில் அந்தத் தயக்கம் கிடையாது. நாம் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

டபிள்யூடபிள்யூஇயை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு முன்பே எழுதப்பட்ட நாடகச் சண்டைதான். ஆனாலும் நம் வீடுகளில் அதிகம் பார்க்கப்பட்ட சண்டை அது. டென் ஸ்போர்ட்ஸில் வந்தது, அந்தச் சேனல்கள் சோனியின் கைக்குப் போயின, 2021 ஜூனில் தமிழ், தெலுங்கு ரசிகர்களுக்காகவே சோனி டென் 4 தொடங்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி டபிள்யூடபிள்யூஇ மொத்தமாக நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியது. நிகழ்ச்சி போய்விட்டது என்பதற்காகச் சேனலோ செயலியோ தன் கட்டணத்தைக் குறைப்பதில்லை. பழைய இடத்தில் கட்டுவது ஓடிக்கொண்டிருக்கும். புதிய இடத்தில் இன்னொன்று தொடங்கும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் அறிவித்த கட்டணப்படி கைபேசிக்கு மட்டும் என்றால் 149 ரூபாய், மிக உயர்ந்த திட்டம் 649 ரூபாய். கைபேசித் திட்டத்தை வாங்கிவிட்டு டிவியில் வரவில்லையே என்று தவித்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். டேசான் போன்ற குத்துச்சண்டைச் செயலிகளில் இன்னொரு வகை உண்டு: மாதச் சந்தாவும் கட்ட வேண்டும், பெரிய போட்டி வந்தால் அதற்கு மேலே தனிப்பணமும் கட்ட வேண்டும்.

ஆகவே ஒரு வருடச் சந்தா போடுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். நீங்கள் பார்க்க விரும்பும் போட்டியின் உரிமை அந்தச் செயலியிடம் எதுவரை இருக்கிறது? செய்திகளில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தெளிவில்லை என்றால் மாதச் சந்தாவே நல்லது. கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும்.

கேபிளிலும் டிஷ்ஷிலும் நிலைமை வேறு. அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண ஒழுங்கின்படி எந்தச் சேனலையும் தனியாக வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேபிள்காரரோ டிஷ் கடைக்காரரோ "பேக்காத்தான் வரும்" என்றால் அது தவறு. 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கக் கூடாது. இந்த வரம்பு 2022 நவம்பர் திருத்தத்தில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 999ஆம் எண்ணைப் போட்டால் சேனல்களின் விலை திரையில் வரும். அதற்கு மேல் இணைப்புக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டதால், அது எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். ஆண்டுக்கு நாலைந்து பெரிய போட்டி மட்டும் பார்க்கிற வீடு, அந்த மாதத்துக்கு அந்த ஒரு விளையாட்டுச் சேனலை மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிடலாம். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

செயலிகளுக்கு இந்த விலை விதிகள் பொருந்தாது. அவை தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளும். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அவற்றுக்கும் பொருந்தும். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் ஆளை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கின்றன. சேருவதை ஒரே தட்டலில் வைத்து விலகுவதை ஒளித்து வைப்பது ஒன்று. ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவது இன்னொன்று. "இன்னும் பத்தே நிமிடம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் அடக்கம். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் என்று வரும்போது அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

எனக்கே நடந்தது ஒன்று. அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது அவனுக்காக ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா போட்டேன். அவன் கல்லூரிக்குக் கோவை போய்விட்டான். நான் செயலியைப் போனிலிருந்து அழித்தேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறு ஆண்டு அதே தேதியில் பணம் போனது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்த விதி இந்த இடத்தில் நமக்குத் துணை. தானாகப் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குச் செய்தி வர வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு முறையை மட்டுமோ முழு ஒப்புதலையுமோ அங்கேயே ரத்து செய்ய வழி இருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் உங்கள் கூடுதல் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. யூபிஐ வழியாகக் கட்டினால் உங்கள் யூபிஐ செயலியிலேயே 'ஆட்டோபே' என்ற பகுதியில் ஓடுகிற சந்தா எல்லாம் தெரியும். நிறுத்தும் பொத்தானும் அங்கேயே உண்டு. எனக்கும் முன்னறிவிப்பு வந்திருந்தது. நகைக்கடை விளம்பரத்துக்கும் லோன் செய்திக்கும் நடுவே நான் பார்க்காமல் விட்டிருந்தேன்.

இலவச லிங்க் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். சண்டைக்கு அரைமணி முன் டெலிகிராமில் வரும் திருட்டு இணைப்பு, பாதி நேரம் சூதாட்டச் செயலியின் வாசல். தரவிறக்கச் சொல்லும், ஓடிபி கேட்கும், 'உறுதிப்படுத்த ஒரு ரூபாய்' கேட்கும். பணத்தை வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆடி இழந்தவர் புகார் சொல்லவே தயங்குவார், அந்தத் தயக்கத்தில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு நம் தலையில்; தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும் என்று சொல்வது அதனால்தான்.

நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து பார்ப்பதில் தவறில்லை. மன்றத்திலோ கடையிலோ திரை கட்டி, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பொதுமக்களுக்குக் காட்டினால் கதை வேறு. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 37ஆவது பிரிவின்படி அது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவது.

காசே இல்லாமல் பார்க்கும் நேரான வழியும் ஒன்று உண்டு. 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புப் பகிர்வுச் சட்டம், ஒலிம்பிக் போன்ற தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிரச் சொல்கிறது. விஜேந்தர் சிங், மேரி கோம், லவ்லினா வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் எல்லாம் குத்துச்சண்டையில் வந்தவை. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அப்படிப் பகிரப்படும் நேரலை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே. தனியார் டிஷ்ஷில் அதை எதிர்பார்க்க முடியாமல் போவது அதனால். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிக்கு ஒருமுறை செலவு; மாதக் கட்டணம் கிடையாது.

படம் நின்று நின்று வந்தால்? 2024 நவம்பரில் டைசன், ஜேக் பால் சண்டையை நெட்ஃபிளிக்ஸ் காட்டியபோது உலகம் முழுக்கப் பலருக்குத் திரை உறைந்தது. காசு வாங்கிக்கொண்டு தரும் சேவையில் குறை இருந்தால் நம் சட்டத்தில் அதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்து அதன் எண்ணை வாங்குங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கி சம்பந்தப்பட்டது என்றால், வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அதற்கும் மேலே ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மலை ஏறவும் வேண்டாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

என் ஆண்டுச் சந்தா விஷயத்தில் நான் 1915ஓடு நின்றுவிட்டேன். பணம் போன அன்றே எழுதிய மின்னஞ்சலும், ஓராண்டாக அந்தக் கணக்கில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருந்தன. பன்னிரண்டாம் நாள் பணம் திரும்பி வந்தது. அன்று மாலையே எதிர் வீட்டு அக்கா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். ஆட்டோபே பகுதியைத் திறந்தோம். அவருக்கே தெரியாமல் மூன்று ஓடிக்கொண்டிருந்தன.