சொல்லாமல் நிற்கும் பேட்டரி

பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி எழும்பியிருக்கும் கொண்டோக்களில் சாவிக்கொத்துக்கு வேலை குறைந்துவிட்டது. கதவில் எண் பலகை இருக்கிறது, தட்டினால் திறக்கும். அந்தப் பூட்டுக்குள் உட்கார்ந்திருப்பது நாலோ எட்டோ டபுள் ஏ பேட்டரி. “தம்பி, மாற்றி மாற்றியே காசு கரையுது. யூஎஸ்பி ஒயரில் சார்ஜ் போடுற லித்தியம் பேட்டரி விக்குறாங்களே, அதையே போட்டுடலாமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பூட்டுக்கு மட்டும் வேண்டாம் அக்கா என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க ஒரு தே தாரிக் நேரமாவது வேண்டும்.

பயன்படுத்தித் தூக்கிப்போடும் அல்கலைன் பேட்டரி புதிதில் 1.5 வோல்ட். பிறகு 1.4, 1.3, 1.2 என்று மெல்ல மெல்ல இறங்கும். பூட்டு கவனிப்பது இந்த இறக்கத்தைத்தான். ஓர் அளவுக்குக் கீழே போனதும் கீச்சென்று கத்தும், சிவப்பு விளக்கைச் சிமிட்டும். அதன் பிறகும் சில நாள் ஓடும். கடைக்குப் போய் வர நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

லித்தியத்தின் சுபாவம் வேறு. 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் செல், இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் அதே குடும்பம். அதன் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. அதை டபுள் ஏ கூட்டுக்குள் அடைத்து, கூடவே ஒரு குட்டி சர்க்யூட் வைத்து 1.5ஆகக் குறைத்துத் தருகிறார்கள். அந்த சர்க்யூட் தன் வேலையில் மகா ஒழுங்கு. உள்ளே சார்ஜ் நிறைந்திருந்தாலும் சரி, கடைசிச் சொட்டு என்றாலும் சரி, வெளியே 1.5தான். தீர்ந்ததும் பொட்டென்று பூஜ்யம். பூட்டுக்கு வோல்ட் தவிர வேறொன்றும் தெரியாது. காலையில் சமர்த்தாகத் திறந்த கதவு, இரவு பதினொரு மணிக்கு லிஃப்டை விட்டு இறங்கி வந்து தட்டும்போது மூச்சுக் காட்டாது. கடைசிக் கட்டத்தில் வோல்டைக் குறைத்து எச்சரிக்கும்படி செய்த தயாரிப்புகளும் சில உண்டு. அட்டையில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய நான் நம்பமாட்டேன். பல பூட்டுகளின் அடியில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் திறக்க இரண்டு உலோகப் புள்ளிகளோ ஒரு யூஎஸ்பி துளையோ இருக்கும். உங்கள் கதவில் அது எங்கே என்று இன்றே தடவிப் பார்த்து வையுங்கள்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிற வட்டாரம் இந்தப் பிரிக்பீல்ட்ஸ். நடைபாதையில் மேடுவரிகள் பதித்திருப்பதும் அதனால்தான். பேசும் கடிகாரம் வைத்திருப்பவருக்கு ‘பேட்டரி குறைவு’ என்ற சின்னப் படத்தால் என்ன பயன்? குரல் மெலிந்து கரகரப்பதுதான் அவருக்கு அறிவிப்பு. 1.5இலேயே நிற்கும் லித்தியம் அந்த அறிவிப்பையும் விழுங்கிவிடும்.

அப்படியானால் லித்தியம் எதற்கு? சக்தியை அள்ளிக் குடிக்கும் சாமான்களுக்கு. பிள்ளைகளின் மோட்டார் கார், விளையாட்டுக் கன்ட்ரோலர், வயரில்லா மைக். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற பழைய வகை ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான். பாதிக்குமேல் சார்ஜ் இருக்கும்போதே சில கருவிகள் அதைப் பார்த்துத் ‘தீர்ந்துவிட்டது’ என்று அடம்பிடிக்கும். அங்கே லித்தியம் போடலாம். அடம்பிடிக்காத கருவிக்கு நிக்கலே போதும், என் வாக்கு அதற்குத்தான். 2005இல் சான்யோ எனிலூப்பைக் கொண்டுவந்த பிறகு, சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிப்போகும் அதன் பழைய குறையும் பெருமளவு தீர்ந்தது.

சுவர்க் கடிகாரத்துக்கும் ஆஸ்ட்ரோ ரிமோட்டுக்கும் லித்தியம் வீண். கடிகாரம் குடிப்பது சொட்டுச் சொட்டாக, ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கும் தினசரிப் படி அளந்தாக வேண்டும். அந்த சர்க்யூட்டின் சலசலப்பு சில ரேடியோக்களில் இரைச்சலாகவும் கேட்கும். மின்னல் எஃப்எம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அங்கேயும் போடாதீர்கள்.

இனி அட்டை எண்கள். நிக்கல் பேட்டரியில் 2000 எம்ஏஎச் என்று இருக்கும். லித்தியத்தில் 3000 எம்டபிள்யூஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். இரண்டும் வேறு வேறு அளவை. 2000ஐ நிக்கலின் 1.2 வோல்டால் பெருக்குங்கள், 2400 எம்டபிள்யூஎச் வரும். ஒன்றரை மடங்கு போலத் தெரிந்தது உண்மையில் கால்பங்குதான் கூடுதல். வோல்டைக் குறைப்பதில் போகும் இழப்பைக் கழித்தால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது.

14500 என்று அச்சிட்ட செல்லைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். உருவத்தில் அச்சு அசல் டபுள் ஏ, ஆனால் வோல்டைக் குறைக்கும் சர்க்யூட் கிடையாது. நாலு பேட்டரி போடும் ரத்த அழுத்தக் கருவிக்கு வேண்டியது 6 வோல்ட். இதை நாலு போட்டால் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் பாயும். கருவி கருகும்.

கரண்ட் போகும் இரவுக்கு வாங்கும் டார்ச்லைட்டில் 18650 செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம், பெயரே அளவுதான். பசார் மாலாமிலும் ஷாப்பியிலும் அதன் மேல் 9900 எம்ஏஎச் என்று கூசாமல் அச்சிட்டு விற்கிறார்கள். பேர்போன நிறுவனங்களே 3500ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே பெரும்பகுதி காலி.

சார்ஜர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நிக்கல் சார்ஜரில் லித்தியத்தைச் செருகக் கூடாது. அடாப்டரில் சிரிம் தரச்சான்று ஒட்டு இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த லித்தியத்தையும் விட்டுவைக்க வேண்டாம், சூடேறிய செல்லை ஆறவிடாமல் சார்ஜில் போடவும் வேண்டாம். உப்பியதும் பழையதும் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது. லித்தியம் பேட்டரிக் கழிவை நம் சட்டம் எஸ்டபிள்யூ 103 என்ற எண்ணில் நிக்கல், காட்மியம், பாதரசத்தோடு சேர்த்து அட்டவணைக் கழிவாக வைத்திருக்கிறது. இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.