பெடல் ஸ்டீல் கிட்டார்: முழங்காலுக்குப் பழகிய பிராண்ட்

இன்னைக்கு எபிசோட் ஒரு இசைக்கருவியைப் பற்றி. பேர் பெடல் ஸ்டீல் கிட்டார். பேர் புதுசா இருந்தாலும் சத்தத்தை நீங்க எங்கேயாவது கேட்டிருப்பீங்க. அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளில் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தியதும், பின்னால் இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றோடு ஒன்று வழுக்கிக்கொண்டு, யாரோ விசும்புகிற மாதிரி ஏறி இறங்குமே, அதுதான்.

இதை வாசிக்கிறவர்கள் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே பிராண்டுக்கு வந்துவிடும். ஒருத்தர் ஷோ-பட் தவிர வேறு எதையும் தொட மாட்டார். இன்னொருத்தர் எம்மன்ஸ்தான் என்பார், அதுவும் 1960களிலும் 70களிலும் செய்த எம்மன்ஸ். சிலர் வைத்திருக்கும் கருவியைச் செய்த பட்டறை மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும். புதுசு லேசா இருக்கும், பாகம் சுலபமா கிடைக்கும் என்று எவ்வளவு சொன்னாலும் அசைய மாட்டார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் இது ஐபோன்-ஆண்ட்ராய்டு சண்டை மாதிரி தெரியும். பழைய பொருள் மேல் உள்ள பாசம் என்றும் சொல்லலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் முக்கியமான காரணம் அந்தக் கருவியின் அடியில், மெக்கானிசத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை

பெடல் ஸ்டீல் ஒரு சின்ன மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். வாசிப்பவர் அதன் முன்னால் உட்காருவார். பொதுவாக 10 தந்திகள். தந்தியை விரலால் அழுத்துவது கிடையாது. இடது கையில் கனமான இரும்பு உருளை ஒன்று இருக்கும். 'பார்' என்பார்கள். அதைத் தந்திகள் மேல் வைத்து நகர்த்த வேண்டும். நம்ம ஊர் சித்ரவீணையில் கட்டையை நகர்த்துகிறார்களே, அந்த மாதிரி. தந்திக்குக் கீழே தெரியும் ஃபிரெட் எல்லாம் வெறும் கோடுகள், கண்ணுக்கு ஒரு அடையாளம் மட்டும். வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் பிக்.

இதுவரை சொன்னது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய் தீவுகளில் பிறந்த ஸ்டீல் கிட்டாருக்கும் பொருந்தும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பார் ஒரு நேரான உருளை. அதை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். பாரைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு சுரம் அப்படியே நிற்க, மூன்றாவது மட்டும் மெதுவாக ஏற வேண்டும் என்றால் கையால் பெரும்பாலும் முடியாது.

அதைக் கால் செய்கிறது. பெடலை மிதித்தால் ஒரு ராடு இழுபடும். கருவிக்கு அடியில் குறுக்காக இருக்கும் தண்டு ஒன்று சுழலும். அது இன்னொரு ராடை இழுக்கும். கடைசியில், வலது ஓரத்தில் தந்தி வளைந்து போகிற இடத்தில் இருக்கும் ஒரு உலோகத் துண்டு அசையும். அந்த இடத்துக்குப் பேர் 'சேஞ்சர்'. தந்தி இறுகினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும்.

ஒரு உதாரணம். அதிகம் பேர் வாசிப்பது ஈ9 என்ற ட்யூனிங். அதில் ஈ, ஜி ஷார்ப், பி மூன்றும் சேர்ந்தால் ஈ மேஜர். ஒரு பெடல் 'பி'யை 'சி ஷார்ப்' ஆக்கும். பக்கத்துப் பெடல் 'ஜி ஷார்ப்'பை 'ஏ' ஆக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் கையில் இருப்பது ஏ மேஜர். பார் ஒரு மில்லிமீட்டர் கூட நகரவில்லை. 'ஈ' மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறது. அந்த விசும்பல் சத்தம் இங்கிருந்துதான் வருது.

ஈ9 மட்டும் உள்ள கருவியில் பொதுவாக மூன்று பெடல். அதோடு முழங்காலுக்கு நாலைந்து லீவர். இடது முழங்காலை இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மூன்று திசையில் தள்ளலாம். வலது முழங்கால் இரண்டு திசையில். வலது பாதம் வால்யூம் பெடல் மேலேயே இருக்கும். யோசிச்சுப் பாருங்க: இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால், ஆறும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இதில் எதையும் பார்த்து வாசிக்க முடியாது. கண் பாருக்கு மட்டும்தான்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குப் புரியும்

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். அதில் பழகியவர் புது பைக்கை எடுத்தால் என்ன ஆகும்? ஓட்டத் தெரியாமல் இல்லை. ஆனால் திடீரென்று ஒரு ஆட்டோ குறுக்கே வந்தால் கால் பழைய இடத்துக்குத்தான் போகும். யோசிக்க நேரம் இருக்கிறவரை எல்லாம் சரி. யோசிக்க நேரமில்லாதபோதுதான் பழக்கம் தெரியும். இசையில் யோசிக்க நேரமே கிடையாது.

பெடல் ஸ்டீலில் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்று இரண்டு பெரிய வாசிப்பாளர்கள். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யும் மூன்று பெடல்களை வைத்தார்கள், ஆனால் எதிரெதிர் வரிசையில். எம்மன்ஸ் வரிசையில் இடமிருந்து ஏ, பி, சி. டே வரிசையில் சி, பி, ஏ. கேட்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வாசிப்பவருக்கோ கணுக்கால் சாயும் திசையே மாறிவிடும். இன்றைக்கும் கருவி ஆர்டர் கொடுக்கும்போது எம்மன்ஸ் செட்டப்பா, டே செட்டப்பா என்று கேட்பார்கள்.

பெடல் எந்த வரிசையில் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடலாம். கேட்டு வாங்க முடியாத விஷயங்கள்தான் பிராண்டோடு வருகின்றன. பெடல் எவ்வளவு தூரம் கீழே போகும், எவ்வளவு அழுத்தம் வேண்டும், விட்டவுடன் எவ்வளவு வேகத்தில் திரும்பும், லீவர் முழங்காலில் எந்த இடத்தில் படும். இதெல்லாம் சேஞ்சரின் வடிவத்தையும் லீவரேஜையும் பொறுத்தது. ஒரு பெடலைப் பாதி மிதித்து அரைச் சுரத்தில் நிறுத்துவது ஒரு சாதாரண உத்தி. அந்தப் 'பாதி' எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு கம்பெனி கருவியிலும் வேறு. அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். கண்டுபிடித்தபிறகு யாருக்கும் அதை வார்த்தையில் சொல்ல வராது, காலுக்கு மட்டும் தெரியும்.

வாசித்தவர்களே செய்த கருவிகள்

1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' பாட்டு ஹிட்டானது. அதில் ஸ்டீல் வாசித்தவர் பட் ஐசக்ஸ். பெடல் வைத்த கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, அந்த ஏற்றத்தைக் கேட்கிறவர் காதில் விழ வைத்தது அந்தப் பாட்டு. பிறகு எல்லோருக்கும் பெடல் வேண்டியிருந்தது. ஐசக்ஸின் கருவியைச் செய்தவர் கலிஃபோர்னியாவில் இருந்த பால் பிக்ஸ்பி, மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்து பழகிய மெஷினிஸ்ட். ஒவ்வொன்றாகத்தான் செய்து கொடுத்தார்.

அதே 1950களில் நாஷ்வில் பக்கம் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து கருவி செய்ய ஆரம்பித்தார்கள். ஷாட், பட்டி, இரண்டு பேரையும் ஒட்டினால் ஷோ-பட். 1960களின் தொடக்கத்தில் எம்மன்ஸ் பிரிந்துபோய், ரான் லாஷ்லியோடு சேர்ந்து வட கரோலினாவில் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். அங்கே வந்ததுதான் 'புஷ்-புல்' மெக்கானிசம். சுருதியை ஏற்ற ராடு இழுக்கும், இறக்க ராடு தள்ளும். மிதிக்காதபோது அந்த உலோகத் துண்டு கெட்டியான இடத்தில் அழுந்தி உட்காரும். அதனால்தான் அந்தச் சத்தம் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது அதை விரும்புபவர்களின் வாதம்.

இன்றைக்கு அதிகம் செய்வது 'ஆல்-புல்'. ஏற்றுவதும் இறக்குவதும் இழுப்புதான், ஸ்பிரிங் திருப்பிக் கொண்டுவரும். ஓரத்தில் ஒரு சின்ன நட்டைத் திருகினால் சுருதி சரியாகிவிடும். புதிதாக ஒரு மாற்றம் சேர்ப்பதும் சுலபம். புஷ்-புல்லில் அதே வேலைக்கு நிறையப் பொறுமை வேண்டும். எம்மன்ஸ் கம்பெனியே பின்னால் ஆல்-புல்லுக்கு வந்தது. ஆனாலும் பழைய புஷ்-புல்லைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் எப்போதும் பெரிய ஃபேக்டரி குறைவு. பல பட்டறைகளில் சில பேர்தான். செய்கிறவரே வாசிக்கிறவர், இல்லையென்றால் வாசிப்பவரின் அப்பா. டயர் ஸ்ட்ரெயிட்ஸின் 1991 ஆல்பம் 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்'டில் பெடல் ஸ்டீல் வாசித்த பால் ஃபிராங்க்ளினுக்குக் கருவி செய்தவர் அவருடைய அப்பா. எந்தத் தந்தி எந்தப் பெடலில் எவ்வளவு மாற வேண்டும் என்ற பட்டியலை வாங்குபவரே கொடுக்கலாம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அப்புறம் அதை யார் கழற்றுவார்?

குறையும் கூடவே பழகிப்போகும்

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பெடலை மிதிக்கும்போது கருவியின் உடம்பு மிக மிகக் கொஞ்சமாக வளைகிறது. அதனால் மிதிக்காத தந்திகளும் லேசாக இறங்கிவிடும். 'கேபினெட் டிராப்' என்பார்கள். அரைச் சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால் இது சில சென்ட்தான். ஆனால் நல்ல காதுக்குக் கேட்கும். எவ்வளவு இறங்கும் என்பது ஒவ்வொரு பிராண்டிலும் வேறு, சில நேரம் ஒவ்வொரு கருவியிலும் வேறு.

வாசிப்பவர் என்ன செய்கிறார்? தெரியாமலேயே பாரை ஒரு இழை முன்னால் தள்ளிக்கொள்கிறார். ட்யூன் செய்யும்போதும் அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார். 'ஜி ஷார்ப்'பை ட்யூனர் காட்டும் இடத்திலிருந்து 14 சென்ட் வரை இறக்கி வைப்பவர்கள் உண்டு, கார்டு அப்போதுதான் இனிமையாகச் சேரும். பத்து வருஷத்தில் அந்தக் கருவியின் குறைகள் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். இப்போது இதைவிட நல்ல, கொஞ்சமும் வளையாத கருவியை அவரிடம் கொடுங்க. இல்லாத குறைக்குக் கை திருத்தம் போடும். சுருதி தப்பும். நல்ல கருவியில் மோசமாக வாசிப்பார். "இது எனக்குச் சரிப்படலை" என்று அவர் சொன்னால் அது பிடிவாதம் மட்டும் இல்லை.

பழைய சிஸ்டத்தில் ஒரு பக் இருக்கும், அதைச் சுற்றி எல்லோரும் கோடு எழுதி வைத்திருப்போம். பக்கைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் உடையும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புதுசில்லை. இங்கே அந்தக் கோடு மனுஷனுடைய கையிலும் காலிலும் இருக்கு.

அப்படியென்றால் சத்தம்?

வாசிப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் 'டோன்'. பிக்கப், மரம், மேலே பூசியது வார்னிஷா, ஒட்டியது மைக்காவா என்று விவாதம் முடியாது. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நல்ல வாசிப்பாளர் எதில் வாசித்தாலும் பெரும்பாலும் அவர் மாதிரியே கேட்கும். தந்தியை எவ்வளவு அழுத்தி மீட்டுகிறார், எப்போது உள்ளங்கையால் அடக்குகிறார், வால்யூம் பெடலை எப்படித் திறக்கிறார் என்பதுதான் சத்தத்தில் பெரும்பங்கு. பழகிய கருவியில் இதெல்லாம் தயங்காமல் வரும். அந்தத் தயக்கமின்மையையும் சேர்த்துத்தான் அவர்கள் 'டோன்' என்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்னீக்கி பீட் கிளைனோ இதற்கு நல்ல உதாரணம். ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் வாசித்தவர், 'கம்பி' கார்ட்டூனில் அனிமேட்டராகவும் வேலை பார்த்தவர். மற்றவர்கள் 10 தந்திக்குப் போனபோது, கேபிளில் இயங்கும் 8 தந்தி ஃபெண்டர் 400இல் தன் சொந்த ட்யூனிங்கில் வாசித்தார். அந்தக் கருவி 'பின்தங்கியது' என்று சொன்னவர்கள் வாசிக்காத ஒரு சத்தம் அவரிடம் இருந்தது.

இந்தப் பிணைப்புக்கு ஒரு விலை இருக்கு. இரண்டு கழுத்து வைத்த பழைய கருவி, பெட்டியோடு சேர்த்து 30 கிலோவைத் தொடும். 25 வயதில் அதை மேடைக்குத் தூக்கிப் போனவர் 65 வயதில் தூக்க முடியாது. ஷோ-பட் உற்பத்தி 1980களிலேயே நின்றுவிட்டது. பாகம் தேய்ந்தால் தானே கடைசல் பிடிக்க வேண்டும், அல்லது தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும். கடைசியில் இரண்டில் ஒன்றுதான்: லேசான புதுக் கருவியில் முழங்காலுக்கு மறுபடி ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பது, இல்லையென்றால் வெளியே வாசிப்பதைக் குறைத்துக்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் வெறும் பிராண்டுக்காக அதைச் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கருவியை மாற்றினால் நாற்பது வருஷத்து வாசிப்பில் ஒரு பகுதி அதோடு போகும். அது எவ்வளவு பெரிய பகுதி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த எபிசோடுக்கு அப்புறம் மூன்று பாட்டு கேளுங்க. வெப் பியர்ஸின் 'ஸ்லோலி'. கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங்கின் 'டீச் யுவர் சில்ட்ரன்', அதில் பெடல் ஸ்டீல் ஜெர்ரி கார்சியா. அப்புறம் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸின் 1969 ஆல்பத்தில் ஏதாவது ஒன்று. சுரம் வழுக்கும் இடத்தில், அந்தப் பக்கம் ஒரு கால் மிதிக்கிறது என்பதை நினைச்சுக்கிட்டுக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.