கற்றுக்கொடுக்க ஒருவர், பார்த்துக்கொண்டிருக்க ஒருவர்

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. மலையேறினால் கரியாலூரில் படகுத் துறை. அந்த மலையிலேயே பெரியார், மேகம் என்று அருவிகள். கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆழக் கிணறுகள். இத்தனை தண்ணீருக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே நீச்சல் சொல்லித்தரலாமே என்று பேச்செடுத்தால், ‘ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?’ என்ற கேள்வி உடனே வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் சென்னை கே.கே.நகரில் ஒரு தனியார் பள்ளியின் குளத்தில், நீச்சல் வகுப்பு நேரத்திலேயே நான்காம் வகுப்புச் சிறுவன் மூழ்கி இறந்தான். வகுப்பு நடக்கும்போதே ஒரு குழந்தை எப்படி மூழ்கிப்போகும்?

மூழ்குகிற குழந்தை சத்தம் போடாது என்பதுதான் விஷயம். சினிமாவில் கையை ஆட்டி ‘காப்பாத்துங்க’ என்று கத்துகிறார்களே, அது இன்னும் மூச்சு மிச்சமிருப்பவர் செய்கிற காரியம். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்க் பியா, 1970 வாக்கில் உண்மையாகவே மூழ்குகிறவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். உடல் செங்குத்தாக நிற்கும். தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். மேலே வருகிற அந்த நொடிகள் மூச்சை விட்டு இழுப்பதற்கே போதாது. கத்துவதற்கு எங்கே போவது? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உயர்த்தி ஆட்ட முடியாது. இது 20 முதல் 60 நொடி வரை நடக்கும், பிறகு மூழ்கிவிடும். கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை நின்றுகொண்டு விளையாடுகிறது என்றே தோன்றும்.

ஆகவே காது இங்கே உதவாது, கண்தான் காக்க வேண்டும். கண்ணுக்கோ ஒரு பலவீனம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் போகப் போக எதிரியைத் தவறவிடுவது ஏன் என்று நார்மன் மக்வொர்த் சோதித்தார். ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே தவறுகள் கூடிவிட்டன. 1948-இல் வெளியான அந்த முடிவை நீச்சல் குளத்துக்கும் பொருத்தலாம். தன் பகுதி முழுவதையும் 10 நொடிக்குள் ஒருமுறை கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்தென்றால் 20 நொடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது உயிர்காப்பாளர்களிடையே உள்ள ஒரு கணக்கு. ஒரு பையனின் காலைப் பிடித்து உதைக்கச் சொல்லிக்கொடுக்கிற பி.டி. சாரால் இது ஆகுமா? அவர் முதுகுக்குப் பின்னால் ஏழு பேர் இருப்பார்கள். கற்றுக்கொடுப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு என்று வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பார்ப்பவர் கையில் வருகைப் பதிவேடு கூடாது, போன் கூடவே கூடாது. அரைமணிக்கு முன்பே ஆளை மாற்றிவிட வேண்டும். வகுப்பை வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் பிடிக்கத்தான் வேண்டுமென்றால், அதற்கு மூன்றாவதாக ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

நம் கிணறுகளில் நீச்சல் பழக்கும் முறையைப் பாருங்கள். பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை; இப்போது மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை படியில் நிற்கும் அப்பா கையிலோ மாமா கையிலோ இருக்கும். இதில் அருமையான பகுதி கயிறுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கவனம் சிதறாமல். குடுக்கையை மட்டும் நம்பினால் மோசம் போவோம். மிதவை முதுகில் இருந்தால் அது முதுகைத்தான் மேலே தூக்கும். பிள்ளை சோர்ந்துபோனால் முகம் தண்ணீருக்குள் போய்விடும். உயிர்காப்பு அங்கியில் மிதவையின் பெரும்பகுதியை மார்புப் பக்கம் வைப்பது, மயங்கினாலும் ஆளை மல்லாக்கத் திருப்பத்தான்.

மல்லாந்து மிதப்பதே முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பேன். நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலானவர்களின் உடல் தண்ணீரைவிடச் சற்றே லேசானது. அந்தச் ‘சற்றே’தான் நம் மூலதனம், உடலில் ஒரு சிறு பங்குதான் நீருக்கு மேலே நிற்கும். அது மூக்கும் வாயுமாக இருக்க வேண்டுமானால் காது நனையத் தலையைச் சாய்க்க வேண்டும், கையைத் தண்ணீருக்குள்ளேயே வைக்க வேண்டும். கையை வெளியே நீட்டினால், அந்த எடைக்கு ஈடாக முகம் உள்ளே இறங்கும்.

வங்கதேசத்தில் ‘ஸ்விம்சேஃப்’ திட்டம் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி, 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பழக்கியது. 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், மூழ்குகிறவனைக் கரையிலிருந்தே மீட்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் பாடம். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 2012-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. நீல ஓடு பதித்த குளம் கட்டும்வரை மலைப் பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை.

ஓடை மட்டும் வேண்டாம். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது வந்து சேரும். தேங்கிய நீரிலும் ஒரு சோதனை உண்டு. எவர்சில்வர் தட்டு ஒன்றை நீரின் அடித்தரையில் போடுங்கள். கரையிலிருந்து தெரியவில்லையா, அன்றைக்கு வகுப்பு கிடையாது. பிள்ளைகள் போடும் சட்டையின் நிறத்தையும் பாருங்கள்: நீலச் சட்டை தண்ணீரோடு கலந்து தெரியாமல் போய்விடும். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் கண்ணில் படும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ‘யார் ரொம்ப நேரம் மூச்சடக்குவது’ போட்டியையும் தடுக்க வேண்டும். மூச்சுவிடச் சொல்லி நம்மை உந்துவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. முழுகுமுன் வேக வேகமாக மூச்சு வாங்கினால் அது குறைந்துபோகும், ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. உந்துதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையே அடியில் மயங்கிவிடும்.

மூழ்குகிறவனைக் காப்பாற்றக் குதித்து, அடுத்தடுத்துப் பலர் போவது நம் ஊர்ச் செய்திகளில் ஓயாமல் வருகிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் தத்தளித்த நான்கு இளைஞர்களில் இருவரை, மூன்று பெண்கள் தங்கள் புடவையை வீசி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை, கயிறு, மூங்கில் கழி, காலிக் கேன்: எறிகிற பொருள் எதுவானாலும் வகுப்பு தொடங்குமுன் கரையில் இருக்க வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. நேரம் வீணாகும், வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் புகும். மாரடைப்பில் விழுந்தவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும், மூழ்கியவருக்கு இருக்காது. எனவே மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஐந்து முறை, அமெரிக்க வழிகாட்டுதலில் இரண்டு முறை. அப்புறம் மார்பை அழுத்துவது. மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும். 108-ஐ உடனே கூப்பிடலாம். ஆனால் கரியாலூரிலிருந்து கீழே இறங்குவது வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை என்பதால், வகுப்பு முடியும்வரை ஓட்டுநரோடு ஒரு வண்டி கரையோரம் நிற்கட்டும்.