அன்னா ஆண்ட பண்ணை வீடு

கேப் டவுனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மேசை மலை மேல் ஏறிப் பார்ப்பார்கள். ராபன் தீவுக்குப் படகில் போய் மண்டேலா அடைபட்டிருந்த அறையைப் பார்ப்பார்கள். அடுத்து வழிகாட்டிகள் கூட்டிப்போகும் இடம் பெரும்பாலும் ஒரு பண்ணை வீடுதான். மலையின் பின்புறச் சரிவில், நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது க்ரூட் கான்ஸ்டான்ஷியா. ‘க்ரூட்’ என்றால் டச்சு மொழியில் பெரிய.

ஓக் மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலை நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும். வெள்ளை வெளேரென்ற சுவர்கள், கனமாக வேய்ந்த நாணல் கூரை, நடுவில் வளைந்து வளைந்து மேலே ஏறும் முகப்பு. அந்த முகப்பின் மாடத்தில், வளமையைக் குறிக்கும் பெண் சிலை ஒன்று. ‘கேப் டச்சு’ பாணி என்றதும் கட்டடக் கலைப் புத்தகங்கள் அச்சிடும் படம் இந்த வீட்டினுடையதாகவே இருக்கும். அந்தக் காலத்து கேப் குடியேற்றத்தில் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுண்ணாம்பும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். சுட்டு, நீற்றி, குழைத்து, பூசுகிற அந்த வேலையை அங்கே செய்தவர்களில் பலர் அடிமைகள். அவர்களில் நம் கரையிலிருந்து போனவர்களும் உண்டு. வழிகாட்டிகள் ஒயினைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கைகளைப் பற்றியது.

1685ஆம் ஆண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தணிக்கைப் பயணம் கிளம்பிய ஹென்ட்ரிக் வான் ரீட், வழியில் கேப்பில் இறங்கினார். தாவரவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். கேரளத்து மூலிகைகளையும் மரங்களையும் 12 தொகுதிகளில் பதிவு செய்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ இவர் முன்னின்று உருவாக்கியது. கேப்பின் தளபதியாக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு இவர்தான் இந்த நிலத்தை வழங்கினார். 891 மோர்கன், நம் கணக்கில் ஏறத்தாழ 1,900 ஏக்கர்.

அதே பயணத்தில் வான் ரீட் இன்னொன்றும் செய்தார். கம்பெனி அடிமைகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தைப் பார்வையிட்டு, யாரை எந்த வயதில் விடுதலை செய்யலாம், யார் யாரை மணக்கலாம் என்று விதிகள் எழுதி வைத்தார். கலப்பில் பிறந்த பெண்ணை ஐரோப்பியர் மணக்கலாம். பெற்றோர் இருவருமே அடிமைக் குலமாக இருந்த பெண்ணை மணக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

அந்த விதி எழுதப்பட்டபோது அங்கே ஆட்சியில் இருந்த வான் டெர் ஸ்டெல்லின் பாட்டி யார்? மோனிக்கா என்ற இந்தியப் பெண். அடிமையாக இருந்து விடுபட்டவர். அவருடைய மகள் மரியா லீவன்ஸுக்கு 1639இல், மொரீஷியஸ் அருகே கடலில், கப்பலிலேயே பிறந்தவர் சைமன். தந்தை ஆட்ரியான் 1646இல் இலங்கையில் கொல்லப்பட்டார். ஸ்டெல்லன்போஷ், சைமன்ஸ் டவுன் என்று இரண்டு ஊர்களுக்குப் பெயர் தந்த கேப்பின் முதல் கவர்னர், இந்திய அடிமைப் பெண்ணின் பேரன். வெள்ளையர் மட்டுமே ஆளப் பிறந்தவர்கள் என்று பின்னால் சட்டம் போட்ட நாட்டில் இந்தச் செய்தியை உரக்கச் சொல்ல நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை.

வீட்டின் கதையில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தவர் சைமன் அல்ல, அவருக்குப் பின் வந்த அன்னா.

சைமன் 1712இல் இறந்தார். பண்ணை பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. வீடு இருந்த பகுதியை 1716இல் வாங்கியவர் ஓலோஃப் பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக் கேப்டன். அவர் மனைவி அன்னா டி கோனிங். அன்னாவின் தாய் அன்செலா, வங்கக் கரையிலிருந்து விற்கப்பட்டவர். பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக 1657இல் கேப்புக்கு வந்து சேர்ந்த அவரை, கேப் குடியேற்றத்தின் முதல் தளபதி யான் வான் ரீபெக் வாங்கினார். அன்னாவின் பிள்ளைப் பருவமும் அடிமை வாழ்வாகவே தொடங்கியது. தாயைப் போல அவளும் சொத்துக் கணக்கில் ஒரு வரி. 1666இல் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கிடைத்தது. 1678இல் அன்னா கேப்டனை மணந்தாள். கணவர் இறந்த பிறகு, 1734இல் தான் இறக்கும்வரை, இந்தப் பெரிய வீட்டுக்கும் நிலத்துக்கும் எஜமானி அவள்தான்.

கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் முழுக்கச் சொல்ல வேண்டும். அவள் விட்டுச்சென்ற சொத்திலும் அடிமைகள் இருந்தார்கள். அடிமையாக இருந்த குழந்தை அடிமைகளை வைத்திருக்கும் பெண்ணாக வளர்ந்தாள். அவள் கல்நெஞ்சக்காரி என்று இதற்கு அர்த்தமில்லை. அடிமை இல்லாமல் பண்ணை நடத்துவது எப்படி என்று அந்த ஊரில் பெரும்பாலோர் யோசிக்காத காலம் அது. அந்த முறையின் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறு எனக்குத் தெரியாது.

1658க்கும் 1808க்கும் இடையில் சுமார் 63,000 பேர் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள். கம்பெனிக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் கப்பல் ஏற்றியது. பின்னர் கேப்புக்கும் இந்தக் கரையிலிருந்து ஆட்கள் போனார்கள். அங்கே சொந்தப் பெயரை எடுத்துவிட்டு, வசதியான ஒரு பெயரும் ‘வான் கொரமாண்டல்’, அதாவது சோழமண்டலத்தான் என்ற ஒட்டும் கொடுத்துவிடுவார்கள். வந்த மாதமே பெயரானதும் உண்டு. செப்டம்பர், பிப்ரவரி என்று குடும்பப் பெயர் கொண்டவர்கள் கேப்பில் இன்றும் வாழ்கிறார்கள்.

பெயர் போனாலும் சில சொற்கள் பிழைத்துக்கொண்டன. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் குழம்புக்கு ‘கெரி’ என்று பெயர், நம் கறிதான். படுக்கைக்கு ‘காட்டல்’ என்ற சொல் உண்டு. மாட்டு வண்டியில் நாடு கடந்துபோன டச்சு விவசாயிகள், வண்டிக்குள் பின்னிய படுக்கையை அப்படித்தான் அழைத்தார்கள். அது நம் கட்டில். போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய் அங்கே தங்கிவிட்டது.

இன்று நாம் பார்க்கும் அழகான முகப்பு 1778இல் பண்ணையை வாங்கிய ஹென்ட்ரிக் க்ளூட்டே காலத்தது. திராட்சையைக் கொடியிலேயே வற்றவிட்டு அவர் குடும்பம் தயாரித்த இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது. செயின்ட் ஹெலினா தீவில் சிறை இருந்த நெப்போலியனுக்கும் போனது. ஜேன் ஆஸ்டின் நாவலில் மனம் உடைந்தவளுக்கு மருந்தாகக்கூட அது வருகிறது. இந்தப் புகழையெல்லாம் அங்குள்ள பலகைகளே விரிவாகச் சொல்லும்.

நீங்கள் நேரே வீட்டின் பின்னால் இருக்கும் 1791ஆம் ஆண்டு ஒயின் கிடங்குக்குப் போங்கள். அதன் நெற்றியில் அன்டன் அன்ரைத் என்ற சிற்பி அமைத்த சுதை வேலைப்பாடு இருக்கிறது. தேவர்களுக்கு மது ஊற்றும் கிரேக்கப் புராணச் சிறுவன், பக்கத்தில் கழுகு, சுற்றிலும் கொழுகொழுவென்று குழந்தைகள். கோபுரத்துச் சுதையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கன்னங்களின் உப்பலும் வயிற்று மடிப்பும் உடனே பிடித்துப்போகும். 1925 டிசம்பரில் பெரிய வீட்டின் கூரை தீப்பிடித்து உட்புறம் எரிந்துபோனது. கிடங்கின் நெற்றி தப்பியது. வீட்டைப் பழையபடி கட்டி எழுப்பி, அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அடிமைகளின் கதையும் இப்போது அங்கே காட்சியில் உண்டு.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, க்ளைன் கான்ஸ்டான்ஷியா சாலையில் உள்ள ஷேக் அப்துர்ரஹ்மான் மடேபே ஷாவின் அடக்கத் தலம். கம்பெனியை எதிர்த்ததற்காக நாடு கடத்தப்பட்டு வந்தவர். இங்கே அடிமைகளுக்குச் சமயம் சொல்லிக்கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. கேப் டவுனைச் சுற்றி இப்படிப் பல தலங்கள். ‘கிராமத்’ என்கிறார்கள். நாகூர் போய் வந்தவர்களுக்கு அந்த அமைதி பழக்கமானதுதான்.

இன்னொன்று, மலைச் சரிவிலேயே சில கிலோமீட்டர் தள்ளி, 1913இல் தொடங்கிய கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா. வெள்ளித் தகடு போல மின்னும் இலைகள் கொண்ட மரங்கள், புரோட்டியா மலர்கள், மரங்களின் தலைக்கு மேலே வளைந்து போகும் நடைபாலம் என்று ஒரு முழு நாள் போதாது. ஆனால் அங்கே ஒரு புதர் வரிசையைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். 1660இல், பரம்பரையாக அந்த மண்ணில் மாடு மேய்த்த கொய்கொய் மக்கள் உள்ளே வராமலிருக்க, வான் ரீபெக் நட்ட காட்டுப் பாதாம் வேலி. அதன் ஒரு பகுதி இன்னும் துளிர்க்கிறது.

அந்த வேலிக்கு 300 ஆண்டுக்குப் பின் 1961இல், இதே கான்ஸ்டான்ஷியா பகுதி ‘வெள்ளையர் மட்டும்’ என்று அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாகக் காய்கறியும் பூவும் பயிரிட்ட குடும்பங்கள், அடிமைகளின் வழித்தோன்றல்கள் உட்பட, மணற்காட்டுப் புறநகர்களுக்கு விரட்டப்பட்டன. 1994இல் வந்த நில மீட்புச் சட்டத்தால் சிலருக்கு மட்டும் நிலம் திரும்பியது. சுற்றிலும் இப்போது நிற்கும் பெரிய பங்களாக்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றாலே நாம் 1860இல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களிலிருந்துதான் தொடங்குகிறோம். அது சரியல்ல. அதற்கு 200 ஆண்டுகள் முன்பே நம் கரையின் மக்கள் அந்த மண்ணில் உழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியாவது வர வேண்டும்.

கேப் டவுன் போக வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்ணை வீட்டுக்குப் போவதற்கு முன், காலையில் நகரத்தின் நடுவே இருக்கும் ஸ்லேவ் லாட்ஜுக்குப் போங்கள். 1679இல் கட்டப்பட்ட, வான் ரீட் பார்வையிட்ட அதே அடிமைக் கட்டடம், இன்று அருங்காட்சியகம். அருகிலேயே சர்ச் சதுக்கத்தில் 11 கருங்கல் பாளங்கள் வைத்து, அடிமைகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நின்று வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கான்ஸ்டான்ஷியாவுக்கு வண்டி பிடியுங்கள். அரை மணி நேரம்தான்.