குதிரைக்கு வெல்வெட் வேண்டாம், நிழல் போதும்

திருச்சியில் முகூர்த்த நாள் என்றால் சாயங்காலம் ஏதாவது ஒரு தெருவில் குதிரை நிற்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த சாரட் வண்டிக் குதிரை. நெற்றியில் குஞ்சம், முதுகிலிருந்து முழங்கால் வரை தொங்கும் சிவப்பு வெல்வெட், அதில் ஜரிகையும் கண்ணாடிச் சில்லும், கழுத்தில் மாலை. பேண்டு வாத்தியம் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொள்வார்கள். ஒரு குழந்தை பந்தியிலிருந்து எடுத்துவந்த லட்டை நீட்டும். பெரியவர் ஒருவர் மிஞ்சிய சோற்றை இலையோடு கொண்டுவந்து வைப்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் லட்டு, சோறு, வெல்வெட், மாலை என்ற நான்குமே அந்தக் குதிரைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. சாட்டையடி எல்லோர் கண்ணிலும் படும். அன்பால் நடக்கும் தீங்கு படாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது புதிய பழக்கமும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் இங்கே கொத்துக் கொத்தாகச் செத்ததை எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடம் அடிப்பவர் இல்லை, இறைச்சியோடு வேகவைத்த சோறு போடுகிறார்கள் என்பது அவர் குறிப்பு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும், வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று இங்குள்ள குதிரைகளின் சாப்பாட்டை வியப்போடு பதிவுசெய்திருக்கிறார். ஸ்ரீரங்கமும் அந்தக் காலத்தில் பாண்டியர் ஆட்சியில்தான் இருந்தது. பொன் கொடுத்து வாங்கிய குதிரைக்கு வெறும் புல்லையா போடுவது என்று நினைத்திருப்பார்கள். புல்லைத்தான் போட்டிருக்க வேண்டும்.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போன கெட்ட தீனி வெளியே வர வழியில்லை. உடம்பு பெரிதாக இருந்தாலும் இரைப்பை சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. அதில் ஒரே வேளையில் சோறோ பொங்கலோ இனிப்போ குவிந்தால், மாவுச்சத்து பெருங்குடல்வரை போய்ப் புளிக்கும். வயிறு உப்பி வலி எடுக்கும். சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து, நிற்கவே முடியாமல் போகும். மண்டபத்து மிச்சச் சோறு அந்த அளவுக்கு ஆபத்தானது.

அப்படியானால் என்ன கொடுப்பது? செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு நல்ல செய்தி: குதிரைக்குச் சரியானது பெரும்பாலும் மலிவானது. 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர் எடைக் கணக்கில் 5, 6 கிலோ தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், பச்சையாகப் போட்டால் அது 20 முதல் 25 கிலோ வரை ஆகும். அறுகம்புல் மிக நல்லது. சாக்கடை கலக்கும் வாய்க்கால் கரையில் அறுத்த புல் மட்டும் வேண்டாம். அதில் புழுவும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே வரும். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரைமசால் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது. கிடைக்காத இடத்தில் வேலிமசால் போடலாம். கொள்ளைப் பச்சையாகப் போடாதீர்கள். ஊறவைத்து வேகவைத்தால்தான் செரிக்கும். புல்லே பிரதானம், கொள்ளு துணைதான்.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்ற எண்ணத்தால் வரும் கேடுகள் நிறைய. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கறவை மாட்டுக்குச் சிறந்தது. அதில் ஆக்ஸலேட் இருப்பதால், அதையே மாதக்கணக்கில் தின்னும் குதிரைக்குச் சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேராது. எலும்பு வலுவிழந்து முகம் வீங்கும். வைக்கோலிலும் இதே குறை உண்டு, சத்தும் குறைவு. தவிட்டை அள்ளிக் கொட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். சூபாபுல் என்கிற சவுண்டல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். வால் மெலிந்த குதிரையைப் பார்த்தால் முதலில் தழைக்கட்டைப் பாருங்கள்.

இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது கோழித்தீவனம். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதியில் அது எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் மோனென்சின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழிக்கு மருந்தாகும் அந்த அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். இரண்டாவது, பூஞ்சை பிடித்த மக்காச்சோளம். பெரம்பலூர்ப் பக்கம் மழையில் நனைந்து விலை இறங்கிய சோளத்தை ‘குதிரைக்குத்தானே’ என்று வாங்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு குதிரையின் மூளையையே கரைக்கும். மூன்றாவது அரளி. நெடுஞ்சாலை நடுத்திட்டெங்கும் பூத்து நிற்பதும் அதுதான், சாமி மாலையில் கோப்பதும் அதுதான். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. காய்ந்த பிறகும் நஞ்சுதான். கைப்பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். கோயிலிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வரும் பழைய மாலைகளைக் குதிரை கட்டும் இடத்துக்கு அருகே வீசாதீர்கள். ஊர்வலக் குதிரையின் கழுத்தில் அரளி மாலை போடவே கூடாது.

ஆசைக்கு ஏதாவது ஊட்டத்தான் வேண்டுமென்றால் திருச்சியைப் போல வசதியான ஊர் வேறில்லை. வாழை விளையும் மண் இது. ஒரு பூவன் பழத்தைக் கழுவித் தோலோடு கொடுக்கலாம். காந்தி மார்க்கெட்டில் உடைந்த, வளைந்த கேரட் மலிவாகக் கிடைக்கும். அழுகலை ஒதுக்கி நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் சிக்கும். வெல்லம் என்றால் எப்போதாவது ஒரு சிறு துண்டு. வெங்காயம், சாக்லேட், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து நீட்டுங்கள், விரலில் பிடிக்காதீர்கள். குதிரைக்காரரைக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். வியர்க்கிற விலங்கு என்பதால் ஒரு கட்டி கல்லுப்பு எப்போதும் அருகில் இருக்கட்டும். சாதாரண நாளிலேயே 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வேலை செய்த வெயில் நாளில் அது இரு மடங்காகும்.

இனி போர்வை. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. குளிர்நாடுகளில் குதிரைக்குக் கம்பளிப் போர்வை போர்த்துவதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கேயும் தேடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசி இராப்பத்தில், நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் வேடுபறிக்கு எழுந்தருள்வதைப் பார்க்கப் போகும் நமக்கு அந்தப் பனியில் மப்ளர் வேண்டியிருக்கிறது. குதிரைக்கு வேண்டியதில்லை. ஏறத்தாழ 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை அதன் உடம்புக்குச் சுகமான காற்று. ஸ்ரீரங்கத்தின் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அது குதிரைக்கு ஆண்டின் மிக இனிமையான காலம். நோயில் மெலிந்த, வயதான, மழையில் நனைந்த குதிரைக்கு மட்டும் உலர்ந்த சாக்கோ பழைய ஜமக்காளமோ போர்த்தினால் போதும். ஈயும் கொசுவும் மொய்க்கும் இரவுகளில் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று தாராளம்.

வியர்வை காற்றில் உலர்வதால்தான் குதிரை தன் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை மாதத்து வெக்கையில் வெல்வெட்டைப் போர்த்தினால் அந்த முக்கிய வழியே அடைபடும். மூச்சு வாங்குவது, தடுமாறுவது, வியர்வை சட்டென்று நின்று தோல் காய்வது ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். உடனே துணியையும் சேணத்தையும் கழற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையற்றது என்று காட்டிவிட்டன. ஈரச்சாக்கை மட்டும் முதுகில் போட்டுவிட்டு விடாதீர்கள். சிறிது நேரத்தில் அதுவே சூடேறிவிடும்.

துணிக்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் சேணத்துக்கு அடியில் செலவழியுங்கள். தடித்த பருத்தி அல்லது கம்பளி மெத்தை ஒன்று, தினமும் அலசி உலர்த்தியது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சேணம் நேராக அழுந்தக் கூடாது. இது என் ஆலோசனை மட்டுமல்ல, 1965ஆம் ஆண்டின் வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான விதிகளே அப்படிச் சொல்கின்றன.

அந்த விதிகளைத் திருச்சிக்காரர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடாது. வண்டியில் ஓட்டுபவரும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நான்கு பேர்தான் ஏறலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை திருச்சியின் சராசரிப் பகல் வெப்பமே 37ஐ ஒட்டி நிற்கிறது. அப்படியென்றால் கத்திரி வெயிலில் நண்பகல் ஊர்வலத்துக்குக் குதிரையை அழைப்பது பெரும்பாலான நாட்களில் விதிமீறல்தான்.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இன்னும் அடிப்படையானது. அதன் 11ஆம் பிரிவின்படி அடிப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, புண்ணோடும் நோயோடும் வேலை வாங்குவது, போதிய தீனியும் தண்ணீரும் நிழலும் தராமல் இருப்பது, வயதானதும் தெருவில் விட்டுவிடுவது எல்லாமே குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். இந்தத் தொகை வெட்கக்கேடு என்பதே என் கருத்து. ஆனால் உடல் உறுப்பைச் சிதைத்தாலோ கொன்றாலோ பாரதிய நியாய சம்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

கண்ணால் பார்த்தால் என்ன செய்வது? முதலில் குதிரைக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள். பாதிப் பேருக்கு விதி தெரியாது, மீதிப் பேருக்கு அன்றைய வாடகை போய்விடும் என்ற பயம். பேச்சு பலிக்காவிட்டால் நேரம் தெரியும்படி படம் எடுத்து, இடம், நாள், காயத்தின் விவரம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். காவலர் நிலைக்கு மேற்பட்ட அதிகாரி விலங்கைக் கைப்பற்றி மருத்துவரிடமோ நீதித்துறை நடுவரிடமோ கொண்டுபோகச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சட்டப்படி வழக்குத் தொடர மூன்று மாதம்தான் கெடு.

குதிரை வைத்திருப்பவருக்கும் உரிமைகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துத்தான் தாங்களும் தின்று குதிரைக்கும் போடுகிறார்கள். அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டுமானதல்ல. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரையும் சேரும். 2024இல் பயனாளியின் பிரீமியம் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குதிரையைப் போலத் தசைவிறைப்பு ஜன்னிக்கு எளிதில் பலியாகும் விலங்கு அரிது. குளம்பில் ஆணி ஏறினாலே உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைச் சுரண்டுவது, உருளுவது, லத்தி போடாமல் இருப்பது என்று எதைக் கண்டாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் வயிற்றுவலியில் பிழைக்க வேண்டிய குதிரை மூச்சடைத்துச் சாகும்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். குதிரைக்கு முன்பணம் கொடுக்கும்போதே வெயில் தாழ்ந்த நேரம் போதும், வெல்வெட் வேண்டாம், வெடி வெடிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். துணி அலங்காரம் இல்லை என்று வாடகையைக் குறைக்காதீர்கள். மண்டப வாசலில் நிழலான இடம் ஒன்றையும், இரண்டு வாளி நல்ல தண்ணீரையும், ஒரு கட்டுப் புல்லையும் குதிரை வருவதற்கு முன்பே தயாராக வையுங்கள்.