வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

கடையோ கிடங்கோ கட்ட மனை வாங்கும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, லாரி வந்து திரும்ப இடம். இவை சரியாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. மண்ணில் கிடக்கும் நஞ்சும் ஒரு கடன்தான். ஆனால் அது பதிவு அலுவலகத்து ஏட்டில் ஏறுவதில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் நடந்தது. அங்கே 'லவ் கனால்' என்று பாதியில் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்று உண்டு. அதில் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 1942 முதல் சுமார் பத்தாண்டுகள், 20,000 டன்னுக்கு மேற்பட்ட ரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. 1953-ல் அந்த நிலத்தை ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே கழிவு இருப்பதும், தீங்கு வந்தால் தான் பொறுப்பல்ல என்பதும் பத்திரத்திலேயே இருந்தன. இருந்தும் பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970-களில் மழையும் பனியும் மிகுந்து, நஞ்சு வீடுகளின் நிலவறைகளில் ஊறத் தொடங்கியது. 1978-ல் அவசரநிலை அறிவித்துப் பள்ளியை மூடினார்கள், குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

வியாபாரிகளாகிய நாம் இதன் கணக்கைப் பார்ப்போம். ஹூக்கர் கம்பெனியை 1968-ல் ஆக்ஸிடென்டல் கம்பெனி வாங்கியது. சுத்தம் செய்த செலவுக்காக 1995-ல் அமெரிக்க அரசுக்கு 12.9 கோடி டாலர் கொடுக்க அது ஒப்புக்கொண்டது. நிலம் விற்ற விலையோ ஒரு டாலர்!

நம் பக்கத்தில் கொடைக்கானல் கதை தெரிந்ததே. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலைக் கழிவு, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடந்தது 2001-ல் வெளிவந்தது. எடைக்குப் போகும் சரக்கில் உடைந்த கண்ணாடி தெரியும். ஒட்டியிருக்கும் பாதரசம் தெரியாது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2018-ல் ஏற்றது. அது போதாது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆலை மூடிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தும் எவ்வளவு சுத்தம் போதும் என்ற வழக்கே நடந்துகொண்டிருந்தது.

ஏன் இந்த வழக்கு? மண்ணில் நஞ்சு இருப்பது வேறு, அது ஆளைத் தொடுவது வேறு. ஆகவே ஆபத்தை எடைபோட மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்:

1. என்ன நஞ்சு, எவ்வளவு, எத்தனை ஆழத்தில்?

2. எந்த வழியாக வரும்? ஈயம் பெரும்பாலும் தூசியாக வரும். காட்மியம் கீரையில் ஏறும். பெட்ரோல் கசிவு கிணற்றுக்குப் போகும். ஆவியாகி அறைக்குள்ளும் நுழையும்.

3. யாரைச் சேரும்? மண்ணில் விளையாடும் குழந்தைக்கு உள்ள ஆபத்து, சிமெண்டுத் தரையில் நடப்பவருக்கு இல்லை.

சுத்தம் செய்யும் முறைகளும் இந்த மூன்றைப் பொறுத்தவையே. நஞ்சேறிய மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பான குழிக்கு அனுப்பலாம், கழுவலாம். பாதரச மண்ணைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாகப் பிரிக்கலாம். எண்ணெய்க் கசிவு என்றால் காற்றூட்டி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களையே தின்னவிடலாம். எதுவும் முடியாதபோது களிமண்ணால் மூடி, கசியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிப்பார்கள். லவ் கனாலில் செய்தது இதுதான். சரக்கு இன்றும் அங்கேதான் புதைந்திருக்கிறது. காவல் செலவு நிற்கவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? மனையோ கிடங்கோ பேசும்போது, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் இதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று விசாரியுங்கள். தோல் பதனிடும் ஷெட், சாயப்பட்டறை, முலாம் பட்டறை, பேட்டரி உருக்கும் இடம், பெட்ரோல் பங்க், பூச்சிமருந்துக் கிடங்கு என்றால் நின்று யோசியுங்கள். கிணற்று நீரின் நிறம், வாசனை பாருங்கள். மண்ணைப் பல இடங்களில், மேலும் ஆழத்திலும் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். விவசாயத்துக்கான வழக்கமான மண் பரிசோதனை உரச்சத்தைத்தான் சொல்லும். கன உலோகமும் எண்ணெயும் பார்க்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். அரிசியும் மிளகாயும் அடுக்கும் கூரையின்கீழ் பூச்சிமருந்தை வைக்காதீர்கள்.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் அறிவித்திருக்கிறது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். எனவே ஊரில் சந்தேகமான இடம் இருந்தால், சங்கத்தின் மூலம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம்.

கெடுத்தவர் யாரென்று கண்டுபிடித்து வழக்கு முடியும்வரை, அந்த இடத்தில் கடை திறந்து உட்கார்ந்திருப்பவர் நாம்தான். மண் பரிசோதனைச் செலவைப் பத்திரச் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.