பழைய தட்டில் புதைந்த எழுத்துகள்

சென்ற மழைக்காலத்தில் நம் இல்லத்துப் பரணைத் துப்புரவு செய்தபோது, காலஞ்சென்ற தந்தையாரின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு சி.டி. கிடைத்தது. அதன்மேல் "கேம்ப் வரலாறு, 2001" என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே பம்பாய் வந்து, மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். நம் லேபர் கேம்ப்பில் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி, தெருமுனைக் கணினிக் கடை இளைஞர் ஒருவரைக் கொண்டு தட்டச்சும் செய்வித்திருந்தார். கையெழுத்துப் படியோ 2005 ஜூலை வெள்ளத்தில் கூழாகிப் போயிற்று. ஆகவே அந்தத் தட்டு நமக்குப் புதையலாகவே தோன்றிற்று.

ஆவலோடு அதைக் கணினியில் இட்டோம். கோப்பு திறந்தது, ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை! முக்கால் என்னும் பின்னம், மேலே கோடு கீறிய ஆங்கில ஏ, நெளிகோடு சுமந்த ஆங்கில ஓ, தலைகீழாய் நின்ற ஆச்சரியக்குறி ஆகியவையே பக்கம் பக்கமாக நிறைந்து கிடந்தன. அந்தக் கோப்பில் "தமிழ்" என்னும் சொல்லே முக்காலில்தான் தொடங்குகிறது என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். அந்நாளில் ஓர் எழுத்துருவில் இருந்தவை 256 இடங்களே. முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. பிற்பாதியில் இருந்த ஐரோப்பிய எழுத்துகளை எழுப்பிவிட்டு அங்கே தமிழை அமர்த்தினார்கள். ஆனால் ஒருவர் "அ"வை அமர்த்திய நாற்காலியில் மற்றொருவர் "கு"வை அமர்த்தினார். எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையேல், பழைய குடிகளான ஐரோப்பிய எழுத்துகளே மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவர்களைக் குறை கூறுதல் தகாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த கல்யாணசுந்தரம், "மயிலை" என்னும் எழுத்துருவை அமைத்து இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். பகலெல்லாம் ஆய்வுக்கூடம், ஓய்வு நேரத்தில் தமிழ்! 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதாடி, "திஸ்கி" என்னும் பொது அட்டவணையை வகுத்தனர். தமிழக அரசோ 1999-இல் வேறு அட்டவணைகளை ஏற்றது. 1991-இன் யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், வீட்டுக் கணினிகளில் அது பரவப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. மதுரைத் திட்டத்தாரும் திஸ்கியில் வைத்திருந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

தந்தையாரின் கோப்பு திஸ்கியில் இருந்தது. நாம் பள்ளியிறுதித் தேர்வோடு நின்றவர். ஆயினும் அலுவலகப் பதிவேடுகளை மூடிவிட்டு வந்தபின் இரவில் பைத்தான் மொழியில் சிறு நிரல்கள் எழுதிப் பார்ப்பது நம் பொழுதுபோக்கு. (சீட்டாட்டத்துக்கு இது தேவலை என்பது இல்லாளின் தீர்ப்பு.) திஸ்கியில் "அ"வின் எண் 171, யூனிகோடில் 2949. இவ்வாறே ஒவ்வொன்றுக்கும் எண் மாற்றினால் போதும் என்று எண்ணிவிட்டோம்.

"தொழிலாளி" என்ற சொல் நம்மைக் கவிழ்த்தது. திஸ்கியில், அச்சுக்கோப்பவர் எழுத்தடுக்குவதைப் போல, முதலில் கொம்பு, அடுத்துத் தகரம், கடைசியில் கால். யூனிகோடிலோ நாவில் ஒலிக்கும் முறையே முறை: முதலில் தகரம், பின்னரே ஒகரக் குறி. நம் நிரல் இதை அறியாமையால், கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே தொங்கிற்று. தொழிலாளர் குடியிருப்பின் வரலாற்றில் "தொழிலாளி" என்ற சொல்லே வாய்க்கவில்லையென்றால் என் செய்வது? மூன்று வாரம் இதனோடு மல்லாடினோம்.

பிறகுதான் நண்பர் ஒருவர் "பொங்குதமிழ்" என்னும் எழுத்துமாற்றியைக் காட்டினார். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் ஆக்கி அனைவருக்கும் அளித்தது அது. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினோம். நம் மூன்று வாரப் பாடு ஒரு நொடியில் தீர்ந்தது. மகிழ்ச்சியோடு சற்று வெட்கமும் உண்டாயிற்று. ஆயினும் நம் நிரலை விட்டுவிட மனம் வரவில்லை. கொம்பைக் கண்டால் நிறுத்தி, அடுத்த மெய்யையும் காலையும் பார்த்தபின் மூன்றையும் கூட்டி எழுதுமாறு திருத்தினோம். இப்பொழுது "தொழிலாளி" ஒழுங்காக நிற்கிறார்.

கோப்பில் என்ன இருந்தது என்று அன்பர்கள் வினவலாம். குழாயடி வரிசை, இரவுப் பள்ளி, ஊருக்குப் பணம் அனுப்பிய கதை ஆகியவை இருந்தன. இறுதியில், படிப்பகத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் ஈந்தவர்களின் பெயர்ப் பட்டியல். அவர்களுள் பலர் இன்றில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளுள் சிலர் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பயில்வோர், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதவர். அவர்களுக்காக அப்பட்டியலைக் கணினியைக் கொண்டே உரக்கப் படிக்கச் செய்தோம். எழுத்து யூனிகோடில் இருப்பதால்தான் இது கூடிற்று. தன் பாட்டனாரின் பெயரைக் கேட்ட ஒரு சிறுமி, "இன்னொரு தடவை" என்றாள்.

புதிய கருவிகள் நாள்தோறும் வருகின்றன. படத்திலிருந்து எழுத்தைப் பிரிப்பதும் உண்டு, கேட்ட கேள்விக்கு விடை எழுதுவதும் உண்டு. நாமும் ஆசையோடு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பவரே. ஆனால் எதில் எழுதிவைத்தாலும், "இருபதாண்டு கழித்து இது திறக்குமா?" என்று கேட்காமல் இப்போது எதையும் சேமிப்பதில்லை.

பழைய சங்க மலர்கள், திருமண வாழ்த்து மடல்கள், நாடகப் பிரதிகள் முதலியவற்றைத் தட்டுகளில் வைத்திருக்கும் குடும்பத்தார் ஞாயிறு மாலை படிப்பகத்துக்குக் கொண்டுவரலாம். மாற்றித் தருகிறோம், கட்டணம் இல்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்பது நினைவிருந்தால் சீட்டில் குறித்து வருக. ஃப்ளாப்பி வைத்திருப்போர் மட்டும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அதைப் படிக்கும் கருவி நம்மிடம் இல்லை. வெள்ளிதோறும் சோர் பஜாரில் தேடிக்கொண்டிருக்கிறோம்.